சுகந்தி ஏன் ஓங்கி அடிக்கவில்லை

போன மாதம் பர்ஹானா என் வீட்டுக்கு வந்தார். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த மொழிபெயர்ப்புப் பிரிவில் இப்போது இருக்கிற இளம் உத்தியோகத்தர். கையில் பாடசாலைகளுக்கான கரப்பந்தாட்டக் கையேட்டின், அதாவது வொலிபோல் கையேட்டின், தமிழ் வரைவு இருந்தது. போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததாம். அச்சுக்குப் போகுமுன் ஒருக்கால் பார்த்துத் தரும்படி கேட்டார்.

தாக்குதல் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தேன். 'கில்' என்பதற்குக் கொலை என்று இருந்தது. 'டூல்' என்பதற்குக் கருவி. கோட்டோரமாகப் பந்தை அடிக்கிற 'லைன் ஷாட்', வரிச் சூடு ஆகியிருந்தது. விரல் நுனியால் பந்தைத் தட்டி விடுகிற 'டிப்' என்பதற்கு அன்பளிப்பு என்று போட்டிருந்தது. பர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கோ அந்தச் சொல்லைத் தாண்டி வாசிக்க முடியவில்லை.

"உங்கட காலத்துல இதையெல்லாம் எப்படி சேர் செஞ்சீங்க? ஒருக்கா எழுதித் தாங்களேன், புதுசா வார ஆக்களுக்கு உதவும்" என்றார்.

எழுதுகிறேன். சொற்களை நான் சரியாகத்தான் வைத்தேன் என்பதையும், அதனால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பதுளைக் கடைவீதியில் வாப்பாவுக்குப் புடவைக் கடை. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்களும் சிங்கள ஆட்களும் ஒரே மேசைக்கு முன்னால் நின்று துணி கேட்பார்கள். இரண்டு பாஷையும் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அங்கே வந்துவிட்டது. பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது, சுற்றுநிருபங்களையும் விண்ணப்பப் படிவங்களையும் மொழிபெயர்த்து ஐந்தாறு வருடம் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிரிவின் தலைவி ஜெயமணி மிஸ். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவர். சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருப்பார். கண்ணாடி கையில் இருக்கும்வரை எதிரே நிற்கிறவன் அசைய மாட்டான்.

என்னை வாய்மொழிபெயர்ப்புக்கு, அதாவது ஒருவர் பேசப் பேச மற்றவருக்குச் சொல்கிற வேலைக்கு, முதலில் கூட்டிப் போனவர் அவர். ஒரு விசாரணை. வயதான தொழிலாளி ஒருத்தி பிறந்த திகதியைத் திருத்தித் தரும்படி கேட்டு வந்திருந்தாள். விசாரித்த அதிகாரி பைலைப் புரட்டிக்கொண்டே, இந்த ஆட்கள் வயதில்கூடப் பொய் சொல்வார்கள் என்று தனக்குள் பேசுவதுபோலச் சிங்களத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லாமல் விட்டேன். மிஸ் என்னைப் பார்த்தார். கண்ணாடி கையில் இருந்தது. எனக்கு வேறு வழியில்லை. அந்தக் கிழவியிடம் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. பிறகு முந்தானையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் பிறந்த திகதி எழுதியிருந்த கோயில் ஏட்டின் பிரதி. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

வெளியே வந்ததும் மிஸ் சொன்னார்: "அவ காதுல விழாம நீங்க காப்பாத்தியிருந்தா, எதுக்குப் பதில் சொல்லணும்னே அவளுக்குத் தெரியாமப் போயிருக்கும். யாரையும் காப்பாத்துறது நம்ம வேலை இல்லை."

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் இரு தரப்பையும் நிற்க வைத்து, இரண்டு மொழியிலும் ஒரு வாசகம் சொல்வேன். இங்கே பேசுகிற எல்லாவற்றையும் மற்றவருக்குச் சொல்வேன். சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொன்னால் அதையும் சொல்வேன். என்னிடம் சொல்வது அவரிடம் சொல்வதுதான். இந்த வாசகத்தை எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. அதன்படி நடந்து எத்தனையோ பேரின் முகத்தை வாடவும் வைத்திருக்கிறேன்.

கரப்பந்தாட்டம் என்னிடம் வந்தது பிறகு, என் சேவையின் பிற்பகுதியில். ஊவா மாகாணத்தில் பயிற்சி பெறுகிற பெண்களுக்காகச் சிங்களத்தில் எழுதிய ஒரு கையேட்டைத் தமிழாக்க வேண்டும். அடிப்பது பற்றிய பகுதி மட்டும் பதினெட்டுப் பக்கம். நான் பந்தைத் தொட்டவனே இல்லை. அகராதிகளை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் ஒரு பட்டியல் செய்தேன். மிஸ் அதை வாங்கி, 'டிப்' என்பதற்கு நான் எழுதியிருந்த 'விரல்நுனித் தட்டல்' என்பதன்மேல் பேனையை வைத்தார்.

"இதை மைதானத்துல நின்னு கத்துங்க பாப்போம்."

கந்தோரில் எல்லாரும் பார்க்க, விரல்நுனித் தட்டல் என்று கத்தினேன். நான் முடிக்குமுன் பந்து விழுந்திருக்கும் என்றார் மிஸ். பார்க்காத ஒன்றுக்குப் பேர் வைக்கக் கூடாது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

அப்படித்தான் பசறைக்கு நாலு சனிக்கிழமை போனேன். சுற்றுத் தோட்டத்துப் பெண்கள் அங்கே விளையாடுவார்கள். அடிப்பது என்றால் எம்பிக் குதித்து ஓங்கி ஒரு அறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எதிரி எடுக்க முடியாதபடி பந்தை அந்தப் பக்கம் அனுப்புகிற எதுவும் தாக்குதல்தான் என்பது அங்கே நின்று பார்த்தபோது விளங்கியது. அடிக்கிறவளுக்கு எதிரே இரண்டு சோடிக் கைகள் வலைக்கு மேலே எழும்பி நிற்கும். அந்தக் கைகள் எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன என்று அவள் காற்றில் நிற்கும்போதே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பக்கக் கோட்டோடு நேராக இறக்கினால் அது 'லைன்'. பெண்கள் அதை 'ஓரம்' என்றார்கள். தோட்டத்தில் லைன் என்றால் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள், லயம், ஆகவே அந்தச் சொல்லை நானும் விட்டேன். மூலைவிட்டமாக நீளத்துக்கு அடித்தால் 'குறுக்கு'. அதைவிடச் சரித்து, வலைக்குப் பக்கத்திலேயே விழும்படி வெட்டி அடிப்பதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கவ்வாத்து'. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி அப்படித்தான் சரிந்து போகும். மணிக்கட்டைப் பந்தின்மேல் மடித்து, வேகமில்லாமல் தடுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் இறக்குவது 'உருட்டு'. ஓங்குவதுபோல வந்து விரலால் மெல்லத் தட்டி விடுவது 'கிள்ளு'. தடுப்பவளின் கையிலேயே வேண்டுமென்று அடித்துப் பந்தை வெளியே போக வைப்பதுதான் 'டூல்'. அதற்குத் தனிச்சொல் இல்லை, "கையில பட்டு வெளிய" என்றார்கள். எதிரி எடுக்க முடியாமல் பந்து தரையில் விழுந்து புள்ளி முடிந்தால் "பந்து செத்துருச்சு". போன் சொன்ன கொலை அப்படியொன்றும் தூரத்தில் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டம் இருக்கிறது. வலக்கைக்காரி என்றால் இடது, வலது, இடது. முதல் எட்டு சின்னது, அடுத்தது நீளம், கடைசி இரண்டு பாதமும் கிட்டத்தட்ட ஒன்றாக ஊன்றும். கைகள் இரண்டும் பின்னால் போய், முன்னால் வீசி, உடம்பை மேலே தூக்கும். இறங்கும்போது இரண்டு காலிலும் இறங்க வேண்டும்.

இதையெல்லாம் நான் கற்றது பெரும்பாலும் சுகந்தியைப் பார்த்துத்தான். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெண், பத்தொன்பது வயது. அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவள் ஓட்டம் எடுத்தால் எதிரே கை தூக்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஓரம், குறுக்கு, கவ்வாத்து எல்லாம் அவளுக்கு வரும். கிள்ளுவது மட்டும் வராது, அதாவது மாட்டாள். கொழுந்து கிள்ளுற வீட்டில் பிறந்து கிள்ளத் தெரியாதவள் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். ஏன் ஒரு தடவைகூடக் கிள்ளுவதில்லை என்று நான் கேட்டேன். பயந்தவர்கள் செய்வது அது என்றாள்.

பட்டியலை மாற்றிக் கொண்டுவந்தேன். மிஸ் ஒவ்வொரு சொல்லாக வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, கையெழுத்து வைத்தார். அந்தக் கையேட்டைப்போல என் வேலையில் வேறு எதைப்பற்றியும் நான் பெருமைப்பட்டதில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு தேர்வு வந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம் தன் பெண்கள் அணிக்கு ஆறு பேரை எடுக்கிறது. எடுபட்டால் நிரந்தர வேலை, தங்க இடம். பதுளையில் ஒரு மைதானத்தில் இரண்டு நாள். பயிற்றுநர் அபேரத்ன சிங்களம் மட்டும் பேசுகிறவர். தோட்டத்துப் பெண்களுக்குச் சிங்களம் ஓரளவு தெரியும், ஆனால் பதற்றத்தில் பேசவும் வராது, காதில் விழுந்தாலும் விளங்காது. ஆகவே என்னைக் கேட்டு வாங்கினார்கள். கையேட்டைத் தமிழாக்கியவன் நான்தானே.

முதல் நாள் காலை பதினேழு பெண்களையும் அபேரத்னவையும் நிற்க வைத்து என் வாசகத்தைச் சொன்னேன். சுகந்தி முன்வரிசையில் நின்றாள். அன்று முழுக்க அவள் அடித்த பந்துகள் தரையில் மோதி மதிலுக்கு அப்பால் போயின. அபேரத்ன அதிகம் பேசாத மனிதர். அவள் அடிக்கும்போது மட்டும் குறிப்பெழுதுகிற கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்துவார்.

இரண்டாம் நாள் முதல் பந்தை அவள் கிள்ளினாள். இரண்டாவதை உருட்டினாள். மூன்றாவதும் கிள்ளு. ஓட்டம் மூன்று எட்டுக்குப் பதிலாக இரண்டுதான் இருந்தது, நீளமான எட்டே இல்லை. ஒரு வருடத்துக்கு முன்பு அதே ஆட்டத்தைப் பார்த்திருந்தால் பந்து வலைக்கு அந்தப் பக்கம் போகிறது, நல்லது என்று இருந்திருப்பேன். இப்போது எனக்கு ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். அவள் குதிக்காமல் தப்புகிறாள் என்று அந்தப் பெயர்களே எனக்குச் சொல்லின.

அபேரத்னவும் கண்டுகொண்டார். ஆட்டத்தை நிறுத்தி, எங்கள் இருவரையும் வலைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். நேற்று இடித்து இறக்கியவள் இன்று ஏன் ஓங்கி அடிக்கவில்லை, கேளுங்கள் என்றார்.

கேட்டேன். சுகந்தி குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கால ஊனினா முட்டி விட்டு விட்டுப் போகுது சேர். நேத்து சாயங்காலத்துல இருந்து."

கயிற்றை இறுக்கிவிட்டு, இன்னும் மெல்லச் சொன்னாள்:

"அதைச் சொல்லிறாதீங்க. அனுப்பிருவாங்க."

சிங்களத்தில் அது இரண்டு சின்ன வசனம். என் நாக்கில் வந்து நின்றது. மைதானத்தின் ஓரத்தில் அவளுடைய அம்மா இருந்தார். முதல் பஸ்ஸில் வந்தவர், சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு எத்தனை கெட்ட வார்த்தையை ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு தடவை ஒரு பிள்ளைக்கு நல்லது செய்தால் என்ன என்று நினைத்தேன். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. அபேரத்னவின் பக்கம் திரும்பியபோது வாயில் வேறு வசனம் இருந்தது. தடுப்பவர்கள் உயரமாக இருப்பதால் தயங்கினாளாம், இனி ஓங்கி அடிக்கிறாளாம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சரி, அப்படியானால் தடுப்பவர்களின் தொல்லை இல்லாத இடத்திலிருந்து அடிக்கட்டும், பின்வரிசையிலிருந்து ஐந்து பந்து என்றார்.

பின்வரிசைத் தாக்குதல் என்பது வலையிலிருந்து மூன்று மீற்றரில் இருக்கிற கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பி அடிப்பது. எழும்பும்போது கால் கோட்டில் பட்டால் பிழை. இறங்குவது கோட்டுக்கு முன்னால் இருக்கலாம். ஆகவே ஓட்டம் நாலு எட்டு, மேலே மட்டுமல்ல, முன்னாலும் பறக்க வேண்டும். எல்லா அடியிலும் முட்டிக்கு அதிகப் பாரம் வருவது அதில்தான். அபேரத்ன சொன்னார், நான் சொன்னேன். கோட்டை மிதிக்காதே. கடைசிக்கு முந்திய எட்டை நீளமாக வை. இரண்டு காலிலும் இறங்கு. ஒரு சொல் விடவில்லை. சுகந்தி என்னை ஒருமுறை பார்த்தாள். நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்து குறுக்காகப் போய் விழுந்தது. இரண்டாவது வெளியே. மூன்றாவதுக்கு அவள் ஓடி வந்த ஓட்டத்தை நான் பசறையில் பல தடவை பார்த்திருக்கிறேன். பந்தை மிக உயரத்தில் அடித்தாள். இடது காலில் மட்டும் இறங்கினாள். முட்டி உள்பக்கமாக மடிந்தது. வெளியில் நின்ற எனக்குச் சத்தம் கேட்டது, காய்ந்த சுள்ளியை முறித்ததுபோல. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பந்து எங்கே விழுந்தது என்று பக்கத்தில் ஓடிவந்தவளிடம் கேட்டாள். கோட்டுக்கு உள்ளேதான் விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அபேரத்ன எனக்குப் பக்கத்தில் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து முட்டிக்குள் இருக்கிற தசைநார் அறுந்துவிட்டதென்று சொல்லிப் போனார். அபேரத்ன கொப்பியைத் திறந்து என்னிடம் நீட்டினார். முதல் நாள் பின்னேரமே எழுதிய பட்டியல். முதலாவது பெயர் அவளுடையது. இந்தப் பிள்ளையை நான் நேற்றே எடுத்துவிட்டேன், அப்படி அடிக்கிறவள் காரணமில்லாமல் கிள்ள மாட்டாள் என்றுதான் கேட்டேன், முட்டி நோவு என்றால் அந்த இடத்திலேயே உட்கார வைத்து டாக்டரிடம் அனுப்பியிருப்பேன், மூன்று மாதம் கழித்து வந்தாலும் இடம் இருந்திருக்கும் என்றார்.

அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் கொப்பியை வாங்கிக்கொண்டு எழுந்து வேறு வாங்கில் போய் உட்கார்ந்தார். அவளுடைய இடத்தை வைத்திருக்கும்படி பிறகு தன் நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். உடல் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் முடியாதென்று பதில் வந்ததாம்.

மறுநாள் ஜெயமணி மிஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். நான் முடிக்கும்வரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் புள்ளை பேசின ரெண்டு வசனமும் அவளோடது. நீங்க அதை எடுத்துக்கிட்டீங்க" என்றார். பிறகு ஒரு தாளைத் தள்ளி, அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். வாங்கிக் கோப்பில் வைத்தார். தண்டனை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாய்மொழிபெயர்ப்புக்கு இனி என்னை அனுப்ப வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை காகிதங்களோடு இருந்தேன்.

சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு பல மாதம் கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து காலை மடக்கி நீட்டப் பழக வேண்டுமாம். லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இருநூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். அந்தக் காலோடு அவள் எத்தனை தடவை இறங்குவாள். நாலைந்து தடவை வந்தாள், பிறகு வரவில்லை.

நான் போய்ப் பார்க்க ஒரு வருடம் ஆனது. ஏன் அவ்வளவு நாள் என்று கேட்டால், வெட்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மலைச்சரிவில் ஏறி இறங்க முடியாததால் அவளுக்குக் கொழுந்து மலையில் வேலையில்லை. அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் உதவிக்கு இருந்தாள். இடது காலை மடக்காமல் நீட்டியபடி பாயில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"வாங்க சேர். உக்காருங்க."

உட்காராமலே சொன்னேன். அன்றைக்கு அபேரத்னவிடம் அவளுடைய வார்த்தையை நான் சொல்லவில்லை என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"எதைச் சேர்?"

"முட்டி விட்டுப் போகுதுன்னு சொன்னியே. அதை."

பால் போத்தலைக் கீழே வைத்தாள்.

"சொல்லலையா?"

"நீ சொல்ல வேணாம்னு சொன்னியே."

"ஆமா, சொன்னேன்" என்றாள். என்னைப் பாராமல் பேசினாள். "மொத நாளு காலையில எல்லாரையும் நிக்க வச்சு நீங்கதானே சொன்னீங்க, சொல்ல வேணாம்னு சொன்னாலும் சொல்லுவேன்னு. நானா வாயைத் தொறந்து ஏலலைன்னு சொல்ல முடியலை. அம்மா வந்து உக்காந்திருக்கு. உங்ககிட்ட சொன்னா அவரு காதுக்குப் போயிரும், நான் பின்வாங்கலைன்னும் ஆயிரும்னு நெனச்சேன். பின்னுக்கு இருந்து அடிக்கச் சொன்னதும், தெரிஞ்சுக்கிட்டே சொல்றாருன்னு நெனச்சேன். ஒரு வருசமா அந்த மனுசனைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

மைதானத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வை என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

குழந்தை சிணுங்கியது. மடியில் ஆட்டிக்கொண்டே கேட்டாள்:

"சொல்லியிருந்தா அனுப்பியிருப்பாங்களா சேர்?"

ஆமாம், அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த வேலை எப்படியும் போயிருக்கும் என்று அவள் மனம் ஆறியிருக்கும். ஆனால் நான் எதையும் மறைக்கக் கூடாது என்று ஒரு வருடமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன். கொப்பியைப் பற்றிச் சொன்னேன். முதலாவது பெயர் அவளுடையது என்றேன். உட்கார வைத்திருப்பார், டாக்டரிடம் அனுப்பியிருப்பார், மூன்று மாதம் கழித்தும் இடம் இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வாங்கில் அபேரத்ன சொன்ன ஒழுங்கிலேயே, ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. நான் முடித்த பிறகு குழந்தையைத் தோளில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நீட்டிய காலோடு மெல்ல எழுந்தாள்.

"இதை மட்டும் ஏன் சேர் சொன்னீங்க?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். மத்தியான மணி அடித்துத் தாய்மார் பிள்ளைகளைப் பார்க்க வரத் தொடங்கும்வரை நின்றேன். அவள் திரும்பி வரவில்லை.